துரை ஓட்டின மாதிரி

காரின் பின்பக்கம் இறங்க மறுத்தது.

மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த புது ஸ்பிரிங்கான கமான் பட்டைகளைப் பின் அச்சில் மாட்டி, ஜாக்கியையும் எடுத்தாயிற்று. முன்பக்கம் தரையை முகர்ந்துகொண்டிருந்தது. பின்பக்கம் ஆகாயத்தில் நின்றது. கோபப்பட்ட தேள் ஒன்று டெலானிபூர் அரசுக் குடியிருப்பின் வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

பக்தவத்சலம் எட்ட நின்று பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் தேள்தான்.

"என்ன ஜம்பு இது?"

வண்டிக்கு அடியிலிருந்து ஜம்புலிங்கம் ஊர்ந்து வந்தான். மரக் கிடங்கு லாரிகளுக்கு மெக்கானிக். அவனுடைய கொள்ளுத் தாத்தா கைதியாகக் கப்பலேறி வந்தவர். அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் யாரும் தீவை விட்டுப் போனதில்லை. தமிழில் பாதியை மட்டும் இந்திக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

"புது மால் சாப். மொதல்ல முறைச்சுக்கிட்டுதான் நிக்கும். ஆள் ஏறினா பைட் ஜாயேகா, தானா உக்காந்துடும்."

பக்தவத்சலம் ஏறி உட்கார்ந்தார். ஜம்புலிங்கமும் பக்கத்தில் ஏறினான். வண்டியில் இருந்ததே இரண்டு சீட்டுதான். பின்பக்கம் அசையவில்லை. சரிந்த சீட்டில் இரண்டு பேரும் மெல்ல முன்னால் வழுக்கி, ஒருவர் ஸ்டியரிங்கிலும் ஒருவர் கண்ணாடியிலும் போய் ஒட்டிக்கொண்டார்கள்.

வாசற்படியில் இந்திராணி வந்து நின்றாள். கையில் டிரங்குப் பெட்டிக்குள் போக வேண்டிய பித்தளைத் தவலை.

"என்னங்க, வண்டி சாமி கும்புடுதா?"

பக்தவத்சலத்தின் கன்னம் ஸ்டியரிங்கில் அழுந்தியிருந்தது.

அந்தக் காலத்துப் போர்ட் பிளேயரில் யாரிடமாவது தேதி கேட்டால் சட்டென்று வராது. கப்பல் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லும். கப்பலில் வெங்காயம் வரும். கடிதம் வரும். மூன்று வாரத்துச் செய்தித்தாள்கள் கட்டாக வரும். அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, தினமும் ஒன்றாகப் பிரித்துப் படிக்கிற ஆட்களும் இருந்தார்கள். மாற்றல் உத்தரவு வரும். பெண்டாட்டி வருவாள்.

பக்தவத்சலத்துக்கும் பெண்டாட்டி கப்பலில்தான் வந்தாள். அன்றைக்கு அவர் கப்பல் அணைகிற ஜெட்டித் துறையில் இல்லை. இத்தனை கஷ்டமும் அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் அரசுப் பணிமனை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். ஊரில் கல்யாணம் முடித்துவிட்டு முன்னால் வந்துவிட்டார். பின்னால் வரும் கப்பலில் தெரிந்த குடும்பத்தோடு இந்திராணியை அனுப்பினார்கள். அந்தக் கப்பல் சீக்கிரமே வந்து தொலைத்தது. அவர் பாராடாங் தீவுக்குச் சரக்கு கணக்கெடுக்கப் போன இடத்தில் படகு என்ஜின் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே புதுப் பெண்டாட்டி அடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரு உன்னைக் கூட்டிட்டு வந்தா?" என்றார். அவர் அவளிடம் தனியாகப் பேசிய முதல் வாக்கியமே இதுதான்.

"தொரை," என்றாள்.

துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. துறைமுக என்ஜினியர் இராமகிருஷ்ணன். கும்பகோணத்துக்காரர். தொப்பி வைத்து, வாயில் பைப்பும் வைத்திருந்ததால் ஊர் அவரைத் துரை ஆக்கிவிட்டது. சிலோனிலிருந்து போன ஒரு தோட்ட முதலாளியிடம் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அவரிடம் இருந்தது. கம்பி போட்ட சக்கரம், மடக்குகிற கித்தான் கூரை, நீண்ட மூக்கு. தீவில் அப்படி வண்டி வேறு கிடையாது.

இந்திராணிக்கு அப்போது பத்தொன்பது வயது. கப்பலில் ஏறியதிலிருந்து வாந்தி. கரையில் கால் வைத்தும் தலை சுற்றல் நிற்கவில்லை. துணைக்கு வந்தவர்கள் துரையிடம் சொல்லி அவளைக் காரில் ஏற்றிவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் காரில் ஏறினாள். ஏறியதும் முந்தானையால் முகத்தை மூடிக் கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். கண் எதையும் பார்க்காவிட்டாலும் உடம்பு மறக்கவில்லை.

"தொட்டில் மாதிரி இருந்துதுங்க," என்பாள். "ஒரு குலுக்கல் உண்டா, ஒரு சத்தம் உண்டா? பூ மாதிரி கொண்டாந்து எறக்கினாரு. நடுநடுவுல வண்டிய நிறுத்தி, 'கண்ணைத் தொறந்து கடலைப் பாரும்மா, மயக்கம் தெளியும்'னாரு. நீங்க என்னைக்காவது வண்டிய நிறுத்தி எனக்குக் கடல் காட்டியிருக்கீங்களா?"

"என்கிட்ட வண்டியே இல்லையேடி."

"மனசும் வேணும்."

அதன் பிறகு அவள் எந்த வண்டியில் ஏறினாலும் துரையின் காரோடு ஒப்பிட்டுத் தோற்கடித்துவிட்டுத்தான் இறங்கினாள். ஜீப் தோற்றது. அரசாங்க பஸ் தோற்றது. மூத்தவள் பிறக்கிற நேரம், வலியோடு ஆம்புலன்ஸில் போகும்போதுகூட, "தொரை வண்டியா இருந்தா இப்படித் தூக்கிப் போடாது," என்றாள். பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பக்தவத்சலம்.

துரை எப்போதோ மெயின்லேண்டு போய்விட்டார். கார் போகவில்லை. துறைமுகக் கொட்டகை ஒன்றில் கிடந்தது. டிரைவர் சீட்டில் கோழி முட்டையிட்டது.

இப்போது பக்தவத்சலத்துக்கு மெட்ராசுக்கு மாற்றல். பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே படிக்கப் போய்விட்டார்கள். இனித் தீவுக்குத் திரும்பி வருகிற வேலை இல்லை. உத்தரவு வந்த சாயங்காலம் இந்திராணி அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"போகும்போதும் அந்தக் கார்லயே ஜெட்டிக்குப் போனா நல்லாத்தான் இருக்கும். ஆனா, அதுக்குத் தொரை வேணுமே."

அதற்கு அடுத்த வாரம் கொட்டகைச் சாமான்களை ஏலம் விட்டபோது பக்தவத்சலம் காரை எடுத்தார். போட்டிக்கு ஆள் இல்லை. கோழி மட்டும் ஆட்சேபித்தது.

என்ஜினை ஜம்புலிங்கம் சுலபமாக எழுப்பிவிட்டான். சாத்தாம் மர மில்லில் பெரிய ரம்பம் போடுகிற மாதிரி அது கத்தியது.

"இவ்வளவு சத்தமா?" என்றார் பக்தவத்சலம். "சத்தமே வராதுன்னு சொல்றாங்க."

"யார் சொன்னது? இது பொறந்ததிலேர்ந்து கத்தின என்ஜின் சாப்."

"ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டினா கத்தாது," என்றாள் இந்திராணி உள்ளேயிருந்து.

பின்பக்கக் கமான் பட்டைகள்தான் துருப்பிடித்துத் துண்டாகியிருந்தன. தீவில் கிடைக்காது. தீவில் எதுதான் கிடைத்தது? யாராவது மெயின்லேண்டு போனால் மொத்தத் தெருவும் அவரிடம் மாதிரி கொடுத்து அனுப்பும். ஜாக்கெட்டுக்கு மாதிரித் துணி. மூக்குக் கண்ணாடிக்கு உடைந்த பழைய கண்ணாடி. பொய்ப்பல்லுக்கு மாதிரி கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை கஞ்சி குடித்தவர்கூட உண்டு. பக்தவத்சலம் உடன் வேலை பார்க்கும் திருநாவுக்கரசிடம் முறிந்த பட்டை ஒன்றை வேட்டியில் சுற்றிக் கொடுத்தார். திருநாவுக்கரசும் மெட்ராஸில் கடை கடையாக ஏறி, அதே நீளம், அதே அகலத்தில் ஒரு ஜோடி வாங்கிவந்தார்.

எல்லாம் அதேதான். ஆனால் அது சரக்கு வேனுக்குச் செய்தது. காரைப் பார்க்காத கடைக்காரன் பட்டையைப் பார்த்துத்தானே கொடுப்பான்?

"பாரம் வைக்கலாம் சாப்," என்றான் ஜம்புலிங்கம், கண்ணாடியிலிருந்து மூக்கைப் பிய்த்தெடுத்துக்கொண்டு. "ரெண்டு நாள் பாரத்தோட நிக்கட்டும். லாரிக்கு அப்படித்தான் செய்யுறது."

முதலில் அரிசி மூட்டை போனது. பிறகு ஆட்டுக்கல். பிறகு அம்மி. பிறகு, இந்திராணி கட்டிவைத்திருந்த பாத்திர மூட்டை.

"அம்மி எங்கங்க?"

"வண்டியில."

"அம்மிக்கு எதுக்குங்க சவாரி?"

"ரெண்டே நாள் பொறுத்துக்கோ."

இரண்டு நாள் அந்த வீட்டில் சட்னி இல்லை. மூன்றாம் நாள் பார்த்தபோது அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த வலப்பக்கம் சற்று இறங்கியிருந்தது. அரிசி மூட்டை இருந்த இடப்பக்கம் அப்படியே இருந்தது. கார் இப்போது குனிந்தபடியே ஒருபக்கமாகச் சாய்ந்து, காது கேளாதவர் வம்பு கேட்கிற மாதிரி நின்றது.

"டீக் ஹை, சரி, பட்டை உருவிடலாம்," என்றான் ஜம்புலிங்கம்.

கமான் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள்தான். ஒன்றை உருவினால் இளகும். ஆளுக்கொரு பக்கம் ஒரு பட்டையை உருவினார்கள். வண்டி இறங்கவில்லை. இன்னொன்று உருவினார்கள். இறங்கவில்லை. ஜம்புலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுவும் போகட்டும் சாலா," என்று மூன்றாவதையும் உருவி, ஜாக்கியை இறக்கினான்.

வண்டி உட்கார்ந்தது. உட்கார்ந்துகொண்டே போயிற்று. மட்கார்டு வந்து டயரின் மேல் படிந்து, 'புஸ்' என்று ஒரு பெருமூச்சுவிட்டு நின்றது. தேள் போய்த் தவளை வந்தது.

"எறங்கிடுச்சுல்ல?" என்றான் ஜம்புலிங்கம்.

"எறங்கிடுச்சு. சக்கரம் எப்படிச் சுத்தும்?"

ஜம்புலிங்கம் தலையைச் சொறிந்தான். "அது வேற கேள்வி சாப்."

உருவியதில் பக்கத்துக்கு ஒன்றை அரைவாசி நறுக்கித் திரும்பச் சேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு கமானையும் கழற்றி இறக்க வேண்டும். மழை வந்துவிட்டது. அந்த ஊரில் மழைக்கு வருஷத்தில் எட்டு மாதம் உத்தியோகம். கூரைத் தகரத்தில் அது கொட்டுகிற சத்தத்தில், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல், எந்தப் பட்டை எந்தப் பக்கத்தது, எந்த முனை முன்னால் இருந்தது என்று பார்க்காமல் மாட்டி முடித்தார்கள்.

மழை விட்டதும் பார்த்தால் வண்டி அழகாக நின்றது. முன்னும் பின்னும் ஒரே மட்டம். வலமும் இடமும் ஒரே மட்டம். பக்தவத்சலம் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

"அபர்தீன் பஜார் வரைக்கும் ஒரு ஓட்டம் போயிட்டு வந்துடறேன்," என்றார். "நாளைக்கு நீயும் ஏறிப் பாரு."

"மொதல்ல நீங்க முழுசா எறங்கி வாங்க," என்றாள் இந்திராணி.

அவர் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார். வண்டி நேராகத்தான் போயிற்று. ஆனால் அதன் மூக்கு கடலைப் பார்த்திருந்தது, வண்டி பஜாரைப் பார்த்துப் போனது. மணலில் நண்டு போகிற மாதிரி, பக்கவாட்டில் சாய்ந்து, சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு போனது. எதிரே வந்தவர்களுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் சாக்கடையில் இறங்கினார்கள்.

பக்கத்து வீட்டு மரகதம் டீச்சர் குடையோடு வேலி ஓரம் ஒட்டி நின்றாள்.

"எங்க சார் போறீங்க?"

"நேரா!" என்று கத்தினார் பக்தவத்சலம்.

"அப்படித் தெரியலையே சார்!"

ரேஷன் கடை வரிசை கலைந்து ஓடியது. கார் கடைக்குள் போகவில்லை. அதை ஒட்டியிருந்த பப்பாளி மரத்தில் பின்பக்கத்தால் முட்டி நின்றது. ஒரு காரை முன்னால் ஓட்டி, பின்பக்கத்தால் முட்டியது அந்தத் தீவில் அதுதான் முதல் தடவை என்று ரேஷன் கடைக்காரர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு இழுத்து வந்து, இந்திராணியின் தையல் நாடாவால் அளந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. கமானின் நடு போல்ட் நடுவில் இல்லை. ஒரு கை குட்டை, ஒரு கை நீளம். குட்டைக் கை முன்னால் வர வேண்டும். வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்கம் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். பின் அச்சு கோணலாக உட்கார்ந்திருந்தது.

"நீதான ஜம்பு மாட்டின?"

"எடப்பக்கம் நீங்க சாப்."

பக்தவத்சலம் நினைத்துப் பார்த்தார். அவர்தான்.

திரும்பக் கழற்றினார்கள். கமானின் காதுகளுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்கள் இத்தனை கழற்றலைத் தாங்காமல் கிழிந்து வந்தன. ரப்பர் இல்லாவிட்டால் இரும்பில் இரும்பு இடிக்கும். அடுத்த கப்பலில் வரவழைக்கலாம். ஆனால் அடுத்த கப்பல்தான் அவர்கள் ஏறப்போகிற கப்பல்.

ஜம்புலிங்கம் படாக் மரத்தில் புஷ் கடைந்து வந்தான். தீவில் எந்தச் சாமான் இல்லாவிட்டாலும் மரத்தில் செய்துவிடுவார்கள். மாட்டி நகர்த்தியபோது வண்டி அழுதது. என்ஜின் சத்தத்தையும் மீறி, ஆட்டுக்குட்டி தாயைத் தேடுகிற மாதிரி ஒரு குரல். டெலானிபூர் நாய்கள் எல்லாம் கிளம்பி வந்துவிட்டன.

மறுநாள் காலை இந்திராணி மூன்று அறையிலும் தேடிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, மெட்ராசுக்குப் போட்டுக்கிட்டுப் போக வாங்கி வச்ச என் ஹவாய் செருப்பு எங்க?"

பக்தவத்சலம் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கால் பேசவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். வெட்டி வட்டமாக்கப்பட்ட நீல ரப்பர் துண்டுகளை அவர் ஒவ்வொன்றாகக் கமானின் காதில் திணித்துக்கொண்டிருந்தார். முகத்தில் கிரீஸ். நெற்றியில் ஒரு வெட்டு.

அவள் கத்தத்தான் குனிந்தாள். கத்தவில்லை. ஈரப் படியில் உட்கார்ந்தாள்.

"ஆபீஸ் ஜீப் வரும்ல, ஜெட்டிக்கு?"

"வரும்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

ஸ்பானர் ஒரு நட்டைத் திருகுகிற சத்தம் கேட்டது. நட்டு இறுகிய பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

"அன்னிக்கு நான் ஜெட்டியில இல்ல," என்றார் வண்டிக்கு அடியிலிருந்து.

"அதான் தெரியுமே."

"இன்னிக்கு இருக்கேன்."

இந்திராணி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து ஒரு தம்ளர் காப்பியை வண்டிக்கு அடியில் நீட்டினாள். பக்கத்தில் இன்னொரு ஜோடிச் செருப்பையும் வைத்தாள். பழசு, அவருடையது.

"பத்தலைன்னா இதையும் வெட்டிக்குங்க," என்றாள்.

கப்பலேறும் நாள் வெயில் அடித்தது.

தெரு முழுக்க வாசலில் நின்றது. அந்தக் காலத்தில் தீவை விட்டு ஒரு குடும்பம் போனால் தெரு முழுக்க அப்படித்தான் நிற்கும். யார் எங்கிருந்து வந்தவர் என்று யாரும் பார்த்ததில்லை. வங்காளி வீட்டம்மா ஒரு பாட்டில் மீன் ஊறுகாய் கொடுத்தாள், இவர்கள் மீன் சாப்பிடமாட்டார்கள் என்பது நன்றாகத் தெரிந்தும். இந்திராணியும் அழுதுகொண்டே அதை வாங்கி வைத்துக்கொண்டாள். மலையாளத்து நர்ஸ் கன்னத்தைத் தடவினாள். மெட்ராஸில் பிறகு இருபது வருஷம் இருந்தார்கள், பக்கத்து வீட்டில் யார் என்று கடைசிவரை தெரியாது.

பெட்டிகளை இறக்க ஜெட்டி மேஸ்திரி தங்கையா ஆட்களோடு வந்திருந்தார். ராமநாதபுரத்துக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியே நரைத்தவர். டிரங்குப் பெட்டிகளையும் அம்மியையும் தள்ளுவண்டியில் ஏற்றி, கயிறு போட்டு இறுக்கி, தூக்குக் கழிகளை மேலே செருகிக்கொண்டார்கள்.

"நீங்க முன்னால போங்கய்யா," என்றார் தங்கையா. "நாங்க பின்னாலயே வர்றோம்."

இந்திராணி புதுப் பட்டுப் புடவையோடு காரில் ஏறினாள். கித்தான் கூரையை இழுத்துப் போட்டிருந்தார் பக்தவத்சலம். ஜம்புலிங்கம் கையால் சுற்றி என்ஜினைக் கிளப்பினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். புகைதான் என்றான்.

முதல் பள்ளத்தில் இந்திராணியின் தலை கூரைக் கம்பியில் இடித்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்றார் பக்தவத்சலம்.

இரண்டாவது பள்ளத்தில் ஊறுகாய் பாட்டில் அவள் மடியிலிருந்து அவர் மடிக்கு வந்தது. மூன்றாவதில் திரும்பிப் போனது. வேன் பட்டைகள் தங்கள் குணத்தைக் காட்டின. செருப்பு ரப்பர் ஒன்று பிதுங்கி வெளியே பறந்தது. என்ஜின் கத்துகிற கத்தலில் இரண்டு பேரும் சைகையில் பேசிக்கொண்டார்கள்.

"தொரை..." என்று ஏதோ ஆரம்பித்தாள் இந்திராணி.

"என்ன?"

"ஒண்ணுமில்லைங்க! நல்லா இருக்கு!"

பதினெட்டு வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன பெரிய பொய் அதுதான். அது பொய் என்பது அவருக்கும் தெரிந்தது. பக்தவத்சலம் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

ஜெட்டிக்கு இறங்குகிற சரிவு தொடங்கும் இடத்தில் பின்னால் 'டங்' என்று வெடித்தது. இடப்பக்கக் கமானில் மற்றதையெல்லாம் தாங்குகிற தாய்ப் பட்டை முறிந்துவிட்டது. வண்டி ஒரு பக்கமாகக் குந்தி, டயர் மட்கார்டில் உரசிப் புகைந்து, நின்றது. என்ஜினும் நின்றது.

கீழே கப்பல் முதல் சங்கு ஊதியது.

பக்தவத்சலம் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"நடந்துடலாம்ங்க," என்றாள் இந்திராணி மெதுவாக. "பக்கந்தான்."

"உக்காரு."

"கப்பல் போயிடும்ங்க."

"உக்காருன்னேன்."

தங்கையாவும் ஆட்களும் தள்ளுவண்டியோடு வந்து சேர்ந்தார்கள். தங்கையா குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார். பீடியை எறிந்தார். வண்டியில் உட்கார்ந்திருந்த மனுஷனின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

"டேய், கழியை எடுங்கடா. தள்ளுவண்டிக்கு ரெண்டு பேரு போதும். மத்தவனெல்லாம் இங்க வா."

"நான் எறங்கிக்கறேன், மேஸ்திரி," என்றாள் இந்திராணி.

"பட்டுப் பொடவையோட சேத்துல எறங்காதீங்கம்மா. ஒங்க கனம் ஒரு கனமா?" என்றார் தங்கையா. "அய்யா, ஸ்டேரிங்கை மட்டும் நேராப் புடிச்சுக்குங்க. பிரேக்ல கால் வைக்காதீங்க."

பின் அச்சுக்கு அடியில் இரண்டு கழிகள் குறுக்கே நுழைந்தன. கழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் தோள் கொடுத்தார்கள். "ஏ... தூக்கு!" என்றார் தங்கையா. காரின் பின்பக்கம் எழும்பியது. சக்கரங்கள் தரையை விட்டன. முன் சக்கரம் மட்டும் உருள, வண்டி சரிவில் மெல்ல இறங்கத் தொடங்கியது.

சத்தம் இல்லை. கூரையில் காற்று லேசாகப் படபடத்தது. பள்ளம் வந்தது, ஆட்களின் முழங்கால் மடங்கியது, வண்டிக்குத் தெரியவில்லை. கல் வந்தது, அதுவும் தெரியவில்லை. வண்டி ஒரே சீராக, ஆடியும் ஆடாமலும், தண்ணீரில் இலை போகிற மாதிரி போயிற்று. தென்னைமரங்கள் அவசரமில்லாமல் பின்னால் போயின. மர மில்லின் தூள் வாசனை வந்தது. இந்திராணி இத்தனை வருஷத்தில் அந்தச் சாலையை இவ்வளவு நிதானமாகப் பார்த்ததே இல்லை. இனிப் பார்க்கப் போவதும் இல்லை.

திருப்பம் வந்ததும் தங்கையா குரல் கொடுத்தார். ஆட்கள் வண்டியை மெல்லத் தரையில் வைத்துத் தோள் மாற்றிக்கொண்டார்கள். அந்த இடத்தில் மரங்கள் விலகியிருந்தன. கீழே கடல். நீலத்தில் அவர்கள் போக வேண்டிய கப்பல் வெள்ளையாக நின்றது.

பக்தவத்சலம் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கீழே காட்டினார்.

"கடலைப் பாத்துக்கோ," என்றார்.

அவள் பார்த்தாள். வண்டி மறுபடி எழும்பியது. அவள் சீட்டில் நன்றாகச் சாய்ந்து, பத்தொன்பது வயதில் செய்த மாதிரியே முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். அப்புறம் அவள் கை தேடி வந்து ஸ்டியரிங்கில் இருந்த அவர் கைமேல் விழுந்தது.

"என்னங்க," என்றாள். "இதாங்க அது. அன்னிக்குத் தொரை ஓட்டின மாதிரியே இருக்குங்க."

பின்னால், கழிக்கு அடியிலிருந்து தங்கையா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"இருக்காதாம்மா பின்ன? அன்னிக்கும் ஜெட்டி வாசல்லயே கமான் முறிஞ்சுபோயி, ஒங்களோட இந்த வண்டிய மேடேத்திக் கொண்டாந்து விட்டது எங்க தோளுதான். தொரை சும்மா ஸ்டேரிங்கைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு."